தாள் எண் பதினான்கு

மஞ்சள், வில்லாக்களுக்கு.
ஊதா, கிடங்குகளுக்கு.
செம்மண் நிறம் லேபர் கேம்ப்புக்கு.
நிறங்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை,
நகராட்சியின் அட்டவணை அது.
நான் நிரப்புகிறவன்.
மூடிய கோட்டுக்குள் ஒருமுறை சொடுக்கினால் போதும்,
நாலாயிரம் பேர் செம்மண் ஆவார்கள்.

சைக்கிள் பாதைக்கு நீலம்.
மூன்று மீட்டர், இருவழி.
கடற்கரைப் பூங்காவில் தொடங்கி
பள்ளிக்கூடம், மால், குதிரை லாயம் என்று
விருந்துக்கு வந்த புதுமாப்பிள்ளை போல
மஞ்சளில் ஒரு வீடு விடாமல் நுழைந்து
பதினான்காம் தாளின் ஓரத்தில் நின்றுவிடும்.
பதினைந்தாம் தாள் கிடையாது.
ஒப்பந்தம் அதுவரைதான்.

அளவு சரிபார்க்கப் போன ஒரு ஜூன் மாலை
மீரானை அங்கேதான் பார்த்தேன்.
கைப்பிடியின் இருபக்கமும் தேய்த்த கந்தூராக்கள்,
ஹேங்கரோடு, வெள்ளை வெள்ளையாய்,
காற்றுக்கு நாலு பேர் கூடவே வருகிற மாதிரி.
காயல்பட்டினத்துக்காரர்.
"நீலத்துல ஏறலாமா தம்பி? அபராதம் உண்டோ?"
ஏறலாம் என்றேன்.
எது வரை என்று சொல்லவில்லை.
அது அவருக்கு என்னைவிடத் தெரியும்.

திரும்பும்போது கைப்பிடி காலி.
நீலம் முடிந்த இடத்தில் அவர் இறங்கவில்லை.
மணலில் ஒரு தடம் இருந்தது,
ஒரு சாண் அகலம், இறுகிப்போய்.
உயர்மின் கம்பத்துக்கு ஒதுங்கி
ஷார்ஜா லாரிகள் பறக்கும் சாலைக்கு அடியில்
மழை வராத மழைநீர்க் குழாய்க்குள் குனிந்து
செம்மண்ணுக்குப் போனது.
எந்த ஆலோசகரும் வரையாத வளைவு.
ஆரத்தை அளந்தேன்.
நான் போட்டதைவிட நன்றாயிருந்தது.

அன்றிரவே அதை வரைந்தேன்.
இருப்பதைச் சாம்பல் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும், விதி.
"என்ன இது?" என்றார் பொறியாளர் வஜ்தி.
ஏற்கெனவே உள்ளது, சார்.
"யார் அனுமதி கொடுத்தது?"
கெட்டவரில்லை,
நோன்பு மாதம் எனக்கும் ஒரு டப்பா பேரீச்சை எடுத்துவைப்பவர்.
சிவப்பில் மேகம்போல் சுழித்து
உள்ளே எழுதினார்: நீக்கு.

நீக்கவில்லை. அந்த அடுக்கை உறையவைத்தேன்.
மென்பொருளில் அப்படியொரு கட்டளை உண்டு.
கோடு இருக்கும்,
திரையில் வராது, அச்சில் வராது.
நாற்பத்தெட்டு டிகிரியில்
நான் உறையவைத்த ஒரே பொருள்.

இதற்கிடையே எங்கள் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்.
குடும்பத்தினர் மட்டும். முப்பது நாள்.
மஞ்சளில் ஒரு வில்லா,
ஜிப்சம் பலகை தடுத்து ஒன்பது அறை,
பின்வாசலில் இருபத்தாறு ஜோடிச் செருப்பு.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
கடையநல்லூரில் ரெண்டு பிள்ளைகள்,
இங்கே என் பெயர் பேச்சிலர்.
அந்த மஞ்சளை நிரப்பியதும் நான்தான்.
மார்ச் மாதம்,
மதியச் சோற்றுக்கு முன்னால்,
அவசரமாக.

மீரான் அறையில் ஒரு மேல்கட்டில் காலி.
ஊருக்குப் போனவர் விட்ட சைக்கிளும் இருக்கிறதாம்,
செயின் மட்டும் போடணும்.

நீலத்தைத் திறந்துவைத்தார்கள்.
பாதை முடிகிற இடம்
பார்க்க முடிந்தாற்போல் இருக்க வேண்டுமென்று
செடிவேலி வைத்தார்கள்,
ஒவ்வொரு செடிக்கும் சொட்டுநீர்.
தடத்துக்குக் குறுக்கே, சரியாக.

முதல் வாரம் தூக்கித் தாண்டினோம்.
கந்தூராக்களை என்னிடம் நீட்டிவிட்டு
மீரான் முதலில் போவார்,
பிறகு அவர் சைக்கிள், பிறகு துணி, பிறகு என் சைக்கிள்,
கடைசியில் நான்.
மூன்றாம் வாரம் ஒரு செடி பட்டுப்போனது.
யாரும் பிடுங்கவில்லை, சத்தியமாக.

அதன் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது.
காலையில் பார்த்தால்
நீலத்தின் மேல் கொஞ்ச தூரம்
சேற்று டயர்க்கோடு.