மூன்றாவது யன்னல்

கொளுக்கி உடைந்தது செவ்வாய்க்கிழமை.
உடைத்தது யாரென்று
வானுக்குள் இருந்த பதினாலு பேருக்கும் தெரியும்.
ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மூன்றாவது சீற்றில் தர்மிதன்
கண்ணாடியை ஒரு விரலால் அமத்திப் பிடித்தபடி வருகிறான்,
வவுனிக்குளத்திலிருந்து மல்லாவி வரைக்கும்.
கிரவல் றோட்டு.
கண்ணாடி நடுங்க விரல் நடுங்கும்,
கன்னமும் கொஞ்சம்.
பக்கத்தில் தங்கச்சி. புழுதி பட்டால் முட்டு இழுக்கும்.

கராஜில் சொன்னார்கள்:
"கொளுக்கி தனிய வராதக்கா,
முழு யன்னலும்தான் எடுக்கவேணும், கொழும்பிலயிருந்து."
சொன்ன காசுக்கு ஒரு ரயர் வரும்.
ரயர் இல்லாமல் ஓடேலாது.
கொளுக்கி இல்லாமல் ஓடலாம்,
ஒரு பிள்ளையின் விரல் இருந்தால்.

ஞாயிறு காலமை
வானை முதிரைக்குக் கீழே விட்டேன்.
தையல் மெசினோடு வந்த சின்ன ஸ்குரூ ட்ரைவர்,
பல்லுப்போன குறடு,
தேங்காயெண்ணெய்.

இரண்டு ஆணி கழன்றது. மூன்றாவது, துரு.
எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து திருப்ப
கழன்றது.
கழன்ற வேகத்தில் உள்ளே கிடந்த சுருள்கம்பி
ணிங் என்றது. பறந்தது.

நெல்மணியளவு கம்பி.
முழங்காலில் நின்று பார்த்தேன்:
எறும்பு, சருகு, ஆட்டுப் புழுக்கை.
கோழியும் வந்து பார்த்தது.
கோழிக்கு முன்னம் நான் காணவேணும்.

பாடாத றேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து
காந்தத்தை எடுத்துக்
கிழிந்த ரியூப் நாடாவில் கட்டி
முற்றமெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தேன்,
நாய்க்குட்டியை நடத்துகிறமாதிரி.

அது தன்பாட்டுக்குப் பொறுக்கியது.
ஒரு கூரை ஆணி.
போன வருசம் வீட்டையே கவிழ்த்துத் தேடிய ஊசி.
பிறகு, இந்த மண் தருகிற மற்றது:
விளிம்பு கிழிந்த இரும்புத் துண்டுகள்,
நகமளவு, அரை நகமளவு.
ஒவ்வொரு மாரிக்கும் மேலே வரும்.
கூட்டும்போது விளக்குமாற்றில் சிணுங்கும்.
பால்மா ரின்னில் போட்டு வைத்திருப்போம்,
பழைய இரும்புக்காரன் வரும்வரை.
அவன் நிறுப்பான்.
என்னதென்று கேட்கமாட்டான்.

சுருள்கம்பியும் அவற்றுக்குள் இருந்தது,
மயிர்போல ஒட்டிக்கொண்டு.

இனிக் கொளுக்கிக்கு நாக்கு வேணும்.
ரின்னைக் கொட்டி ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று
அளவும் சரி, வளைவும் சரி,
அரம்கூடத் தேவையில்லை,
அதற்கென்றே வார்த்ததுபோலப் போய் இருந்தது.
விட்டேன். ரக்.
தூக்கி விட்டேன். ரக்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ,
சோறு அடிப்பிடித்த மணம் வந்தது.

கழற்றி ரின்னுக்குள் போட்டேன்.

அலுமினிய அகப்பையின் காம்பை வெட்டினேன்.
காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால்
அது கண்டுகொள்ளவில்லை. நல்லது.
கிணற்றுக் கட்டின் சீமெந்தில் தேய்த்தேன்.
வைத்துப் பார்த்தேன். தேய்த்தேன்.
கருகின சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பவும் தேய்த்தேன்.
வெயில் வானின் மற்றப் பக்கம் போனபோது
பொருந்தியது, பொருந்தினது என்று சொல்லலாம்.
இது ரக் என்று விழாது. கொஞ்சம் யோசிக்கும்.
விழுந்தபிறகு ஒரு தட்டுத் தட்டவேணும்.

திங்கள்.
"பூட்டுமா அன்ரி?"
"பூட்டும். ஒருக்கால் தட்டு."
தட்டினான்.
பின் சீற்றில் ஆரோ கை தட்டினார்கள்.
தங்கச்சிக்காரி மட்டும் குனிந்து
சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள்.

பாலிநகர் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது
தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன்.
யன்னல் நடுங்கவில்லை.
அவள் அவன் தோளில் நித்திரை, வாய் திறந்தபடி.
விரல் அதே இடத்தில்.

எடுடா கையை என்று சொல்ல வந்தேன்.
முன்னால் மாடுகள்.
பிறேக்கை மெல்லமாய் மிதித்தேன்.