பன்னிரண்டாயிரம் லிட்டர்

பின்னிரவு இரண்டே கால்.
வேளச்சேரி குறுக்குத்தெருவில்
பின்பக்கமாய் நுழைகிறது லாரி,
சொட்டிக்கொண்டே.
கையெழுத்துப் போட இந்த மாதம் என் முறை.

சம்ப்புக்குள் குழாயை இறக்கிவிட்டு
தணிகாசலம் கேட்டார்:
"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?"
பன்னிரண்டாயிரம் லிட்டர் கொண்டுவந்தவர்.

எந்த ஊர்க் கிணறு என்றேன்.
"நம்மூர்தான். அடுத்த வாரம் வராது,
சேறு கக்குது."

மாடிக்குப் போனேன்.
சுத்திகரிப்பு இயந்திரம்
ஒரு சொம்பு தந்தது,
மூன்று சொம்பைச் சாக்கடைக்கு அனுப்பியது.
ஏழு வருடமாய் அந்தச் சத்தத்தில்தான்
காலைக் காபி குடிக்கிறேன்.

அண்ணாந்து குடித்தார்.
ஒரு துளி சட்டையில் படவில்லை.

லாரி போன வழியில் ஈரக்கோடு,
அதை முகர்ந்தபடி ஒரு நாய்.

கழிவுக் குழாயின் கீழ்
வாளி வைத்திருக்கிறேன் இப்போது.
படுக்கப் போகவில்லை.
எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது அது.