பதினோரு கணு

பீடோங் மரஆலையில்
இரவு ஷிஃப்டில் ரப்பர் பலகைக்குத் தரம் போடுகிறவன் நான்.
ஏ, பி, கழிவு.
முடிச்சு இருந்தால் பி.
துளை இருந்தால் கழிவு.
சுண்டுவிரல் நுழைகிற துளை என்றால்
சூப்பர்வைசர் தெங்கைக் கூப்பிட வேண்டும்.

அப்படியொரு துளையிலிருந்துதான் வந்தது.
முதலில் கொம்பு.
பிறகும் கொம்பு.
உடம்பு வர நேரமானது.
பிடித்ததும் கழுத்தை ஆட்டி ஆட்டி
எண்ணெய் காணாத கீல் மாதிரி கிறீச்சிட்டது.
மைலோ டின்னில் போட்டு மூடினேன்.

அலோர் ஸ்டாரிலிருந்து ஹஸ்லிண்டா வந்தார்,
பூச்சி பார்க்கிற அதிகாரி.
லென்சை என்னிடமும் கொடுத்தார்.
கண்ணைப் பாதியாய் வெட்டி
அந்த வெட்டுக்குள் முளைத்திருந்தது கொம்பு.
பதினோரு கணு, நானே எண்ணினேன்.
"முகம் செங்குத்து. துணைக்குடும்பம் இதுதான்.
அதுவரைக்கும் சண்டையில்லை."

சண்டை அதற்குக் கீழே.
இந்தப் பேரினத்தில் ஒரே ஓர் இனம்.
பெயர் வைத்தவர் பார்த்தது
காலொன்று உடைந்த ஒற்றைப் பெண் வண்டு.
அடுத்து வந்தவர் நகத்தைப் பார்த்து
வேறு குலத்துக்கு மாற்றினார்.
அவருக்கு அடுத்தவர்
கொம்பின் முதல் கணுவில் தழும்பு இல்லையென்று
திருப்பி அனுப்பினார்.
இப்போது பட்டியலின் கடைசிப் பக்கத்தில்,
குலத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்,
'இடம் உறுதியில்லை.'

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏன் என்றார்.
அப்பா மூணாம் டிவிஷனில் மரம் வெட்டியவர்,
அம்மா பாலிங் பக்கத்துச் சயாம்காரி.
பாரத்தில் நான்கு கட்டம்.
என் முகத்தையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்து
பள்ளிக்கூடக் கிராணி ஒன்றில் கோடு போட்டார்,
ஆஸ்பத்திரிக் கிராணி
லாயின்-லாயினில்.
ஹஸ்லிண்டா சிரிக்கவில்லை.
வண்டைத் திருப்பி வயிற்றைப் பார்த்தார்.
"இதுவும் பெண்தான்.
ஆண் ஒன்று கிடைத்தால் தீர்ந்துவிடும்."

ஊசி குத்தி, நகத்தளவு சீட்டில் எழுதினார்:
பீடோங், ரப்பர் பலகை, தேதி.
பிடித்தவர்: தவசீலன்.
அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
சொல்லலாமென்று பார்த்தேன்,
சீட்டில் இடமில்லை.

நேற்று பினாங்குத் துறைமுகத்துக்கு ஒரு கண்டெய்னர்.
அத்தனையும் கட்டில் கால்கள்,
மருந்தடித்த முத்திரையோடு.
என்ன தோன்றியதோ,
ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன்.
உள்ளே மெல்லுகிற சத்தம்.
நிறுத்தி, கொஞ்சம் யோசித்து,
மறுபடி மென்றது.

வெளியே துளை ஏதும் இல்லை.
தெங் டீ குடிக்கப் போயிருந்தார்.
ஏ என்று எழுதினேன்.