தோட்டப் பராமரிப்பு

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்து, மிதுன மாதம்.
சம்பளப் பதிவேட்டில் அச்சாகியே வந்திருந்த ஸ்ரீமானை
இரண்டு வரியில் மட்டும்
சிவப்பு மையால் அடித்தேன்.
மேலே என்ன எழுத? பிரின்சிபாலும் யோசித்தார்.
வெறுமையாக விடு என்றார்.

அப்படித்தான் வந்தார்கள் எங்கள் குழித்துறைக்கு,
பட்டம் பெற்ற இருவர், பட்டமில்லாமல்.

கணக்குக்கு ஞானவடிவு. நெய்யூர்க்காரி.
விலங்கியலுக்கு ஏலிக்குட்டி கோசி,
கோழஞ்சேரியிலிருந்து வள்ளம், பஸ், மறுபடி பஸ்;
மடியில் ஃபார்மலின் ஜாடி, உள்ளே சுருண்ட சாரைக்குட்டி.
பக்கத்து ஆசாமி
பாறசாலைக்கு முன்பே இறங்கிவிட்டாராம்.

ஆசிரியர் அறையில் நாற்காலி பதினொன்று,
ஆண்கள் பதினொருவர்.
இவர்கள் நூலகத்தில், பழைய பத்திரிகைக் கட்டுகளின் மேல்
உட்கார்ந்து தாள் திருத்தினார்கள்.

இதெல்லாம் என் கண்ணில் பட்டது.
படாதது ஒன்று:
தினமும் பதினொன்றுக்கும் மூன்றுக்கும்
ஒரே குடையில் போதகர் வீட்டுக்கு
எதற்காக நடக்கிறார்கள் என்பது.
தாமதம் என்று எழுதினேன். மாசக் கடைசியில்
ஆளுக்கு நாலு பணம் பிடித்தேன்.
எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டாள் ஞானவடிவு.
ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பலகைத் தட்டிக்கு அப்புறம்
சுண்ணக்கட்டி கீறும் சத்தம்.
"ஒருத்தி மூன்று ஃபர்லாங் போய்
மூன்று ஃபர்லாங் திரும்புகிறாள்.
நாளுக்கு இருமுறை. நூற்றெண்பது நாள்.
மொத்தம் எத்தனை மைல்?"

இருநூற்று எழுபது, என்றான் கடைசி பெஞ்சு.
திருவனந்தபுரத்துக்கு ஆறு முறை போய் வரலாம்,
மிச்சமும் உண்டு, என்றான் இன்னொருவன்.
"அவ எதுக்கு டீச்சர் நடக்கிறா?"

"கணக்கில் அது கேட்கப்படவில்லை."

வராந்தாவில் பிரின்சிபாலின் செருப்பு நின்றது.
விரலை மடக்கினார், நிமிர்த்தினார்,
முகம் செங்கல் நிறமாக அறைக்குத் திரும்பினார்.
இப்புறம் என் பேனா
மைக்கூட்டிலேயே கிடந்தது.

சனிக்கிழமை ஆள் வந்தது.
கமுகு வாரி முப்பது, ஓலை நாற்பது,
கயிறு, ஒரு கதவு, உள்பக்கம் கொண்டி.
கொண்டி சரியாக விழுகிறதா என்று
ஏலிக்குட்டி ஏழெட்டு தடவை போட்டுப் பார்த்தாள்.
இருவரும் சிரித்தது ஆபீஸ் வரை கேட்டது.

செலவை எழுதத் தலைப்பு இல்லை.
கட்டிடம் என்றால் திவான் கச்சேரி அனுமதி வேண்டும்.
உள்ளதைச் சொல்லி எழுத என் கை கூசியது.
தோட்டப் பராமரிப்பு என்று போட்டேன்,
பதினாறு ரூபாய், ஒன்பது சக்கரம்.
பிடித்த எட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும்
அதே தலைப்பில்தான்.

துலாத்தில் தணிக்கைக்காரர் வந்தார்.
மூக்குக் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"தோட்டத்தில் என்ன நட்டீர்?"
"முருங்கை" என்றேன்.
அன்று சாயங்காலம், யாரும் இல்லாத நேரம்,
வீட்டிலிருந்து ஒரு போத்து வெட்டி வந்து
அந்த ஓலை மறைப்பின் அருகில் ஊன்றினேன்.

பிழைக்காது என்றுதான் நினைத்தேன்.
இப்போது வெள்ளிக்கிழமைகளில்
கணக்கு டீச்சர் கொப்பை வளைத்துப் பிடிக்க,
விலங்கியல் டீச்சர் கீரை ஒடிக்கிறாள்.