ஈ பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தார்கள்.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்தாறோ, நாற்பத்தேழோ.
என் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பக்கம்.
குனிந்து, சக்கரங்களின் ஊடே
என் செருப்பை அடையாளம் கண்டு
கைகாட்டினார்கள்.

ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
பதினான்கு வருடமாக நான் கேட்பது ஒன்றுதான்:
புரிஞ்சுதா?
பதினான்கு வருடமாக வருவதும் ஒன்றுதான்:
புரிஞ்சிது மிஸ்ஸ்ஸ்.
வெண்டிலேட்டரில் தூங்கும் புறா
பதறிப் பறக்கும்.
அந்தச் சத்தத்தைச் சம்பளத்தோடு
வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள் இந்த அட்டைகளை.
புள்ளி தப்பிய கோலம் போலக்
கறுப்புச் சதுரங்கள்.
ஒன்றைப் போல் ஒன்று இல்லை,
பக்கத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை.
எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுவே விடை:
அ, ஆ, இ, ஈ.
போனை நீட்டி வகுப்பைத் துழாவினால்
திரையில் பெயர் வராது,
தூண்கள் மட்டும் எழும்.

மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டினால்?
முந்தின நாள்தான் நடத்தியிருந்தேன்.
புறா பறந்திருந்தது.

ஏழில் இரண்டு:
முப்பத்தொரு பேர்.
சரியான விடைக்கு
நாலு பேர் உயரத்தில் ஒரு திட்டு.
துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஒன்று போனது.
திரை ஆடியது, தூண்கள் ஆடின,
விழவில்லை.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
நானும்தான்.

நாற்பத்தொரு அட்டையில் நாற்பதைத்தான்
போன் வாசித்தது.
இருபத்து மூன்று வரவில்லை.
கிட்டப் போய்த் துழாவினேன்.
தேசிங்கு
எல்லாரையும் போலத்தான் பிடித்திருந்தான்,
கட்டை விரல் மட்டும் ஒரு சதுரத்தின் மேல்.
எடுடா விரலை.
எடுத்தான். அடுத்த விரலை வைத்தான்.

இதுல தெரிலன்னு சொல்றதுக்கு
எந்தப் பக்கம் மிஸ்?

சிரித்தார்கள்.
ரெஜினா பெஞ்சைத் தட்டிச் சிரித்தாள்.
கையேட்டைப் புரட்டினேன்.
அதில் இல்லை.

அன்றிரவு குழம்பு கொதிக்கும்போது
ஒவ்வொரு கேள்வியிலும் கடைசி விடையை அழித்து
ஈ: தெரியலை
என்று அடித்தேன்.
போன் அதை 'தெரியவில்லை' என்று திருத்தியது.
நான் மறுபடி அடித்தேன்.

மறுநாள் இருபத்தாறு பேர் ஈ.
அதில் எட்டாம் எண்ணும் இருந்தது.
பெஞ்சைத் தட்டும் கை அது,
அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.
புறா அசையவில்லை.

ப்ரொஜெக்டரை அணைத்து
போர்டில் பன்னிரண்டு பெட்டி போட்டேன்,
முன்னால் ஒரு இன்ஜின்.
மூன்றில் ஒரு பங்கு நிலக்கரி. எத்தனை?
நாலு பொட்டி.
நான்கில் ஒரு பங்கு கோதுமை?
மூணு.
இப்ப எண்ணுங்க.
ஏழு மிஸ், என்றாள் முபினா.
ஆனா வண்டி பன்னெண்டாச்சே?
அந்த ஆனாவில்
கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பவும் அட்டைகள்.
பத்தொன்பது பேர் சரி.
ஆறு பேர் ஏழில் இரண்டை
இன்னும் விட்டபாடில்லை.
மற்றவர்கள் ஈ.
இருபத்து மூன்றை இந்த முறை போன் வாசித்தது.
விரல்கள் விளிம்பில், அட்டை நேராக,
ஈ.

மணி அடித்தது.
யாரும் எழவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.
சாப்பாட்டுத் தட்டோடு ஓடினார்கள்.
போனில் சார்ஜ் நாலு சதவீதம்.

தேசிங்கு மட்டும் போர்டுக்கு வந்து
துண்டு சாக்பீஸால்
வண்டியின் வாலில் இன்னொரு பெட்டி போட்டான்.
கார்டு பொட்டி மிஸ். வுட்டுட்டீங்க.

இப்போது பதின்மூன்று.
கணக்கே மாறுகிறது.
டஸ்டரை எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.