வழுக்கல்

டிசம்பர். கிளீவ்லாண்ட். மழை.
ஆட்டம் முடியப் பதினொரு நொடி.
இடது ஓரமாய் ஓடிய நான்
சட்டென்று உள்ளே வெட்டினேன்.
லவெல் பெட்வேயின் இடுப்பு அதற்குள்
வெளியே திரும்பிவிட்டது.
பந்து என் கைக்கு வந்தபோது
அவன் புல்லில் முழங்கையூன்றி
என் முதுகிலிருந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்தான்.

அதைத்தான் இன்னும் காட்டுகிறார்கள்
ஒவ்வொரு டிசம்பரிலும், மெதுவாக, மூன்று கோணங்களில்.
ஒன்பது ஆண்டுகள் அவன் காத்த மூலையில்
நடக்காமல் போனவற்றை
எந்தக் காமிராவும் பிடித்து வைக்கவில்லை.
கார்னர்பேக்கின் பிழைப்பு அப்படி.
வர்ணனையாளர் மாலை முழுவதும்
அவன் பெயரை உச்சரிக்காவிட்டால்
அன்றைய சோறு அவனுக்குச் செரிக்கும்.
பந்தெறிபவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
வேறு பக்கம் எறிவான்.
அந்தப் பார்வையைப் பதிய
புள்ளிவிவரத்தில் கட்டம் கிடையாது.

முழங்கால் போனது. பயிற்சியாளன் ஆனான்.
டொலீடோவில் இரண்டு பருவம், நீக்கினார்கள்.
எல் பாசோவில் தலைவரே நீங்க, கூடவே இவனும்.
ஃபார்கோ. மறுபடி டொலீடோ, குறைந்த சம்பளத்துக்கு.
அவன் மனைவி ரோவீனா
அட்டைப்பெட்டியில் பழைய ஊரை அடித்து
புதிய ஊரை எழுதுவாள்.
ஐந்து ஊர் பார்த்த ஒரு பெட்டியை
இன்னும் பிரிக்கவில்லையாம்.
உள்ளே என்னவென்று இருவருக்கும் மறந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?
ஷ்ரீவ்போர்ட்டில் லாரி டயர் விற்கிறேன்.
வாங்க வருகிறவர்களுக்கு என் முகம் தெரியும்,
அந்தப் பந்தைப் பற்றிப் பேசுவார்கள்.
அவர்கள் போனபின் அவன் எங்கே இருக்கிறானென்று
தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

போன நவம்பரில் அவனே அழைத்தான்.
லாரமியிலிருந்து, வணக்கம்கூடச் சொல்லாமல்:
"முதலில் ஊன்றியது எந்தக் கால்?
நடுவரின் முதுகு மறைக்கிறது.
இருபத்திரண்டு வருஷமாய் மறைக்கிறது."

போனேன்.
பையன்களைத் திரைமுன் உட்கார வைத்திருந்தான்.
எதிராளியின் தலைமேல் கறுப்பு டேப்,
தோள்மேல் கறுப்பு டேப்.
கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்,
தொப்புள் போகிற இடத்துக்குத்தான் ஆள் போவான்
என்பது அவன் வேதம்.
திரையில் ஓடிக்கொண்டிருந்தது
இருபத்தாறு வயதில் நான்,
தலையில்லாமல்.

பிறகு மைதானம்.
உறைபனி. இரண்டு கிழட்டு முழங்கால் ஜோடிகள்.
நடையாய் நடந்து அதை மறுபடி ஆடினோம்.
ஏழாவது யார்டில் நின்று
"இங்கே," என்றான், "இங்கேதான். எந்தக் கால்?"

இருபத்திரண்டு வருஷம்
பேட்டிகளில் நான் சொன்ன பதில் ஒன்று இருந்தது,
அழகான பதில்.
வாய்வரை வந்தது.

"வெட்டவில்லை, லவெல்.
வெளியே ஓடத்தான் இருந்தேன்.
ஈரப்புல் காலை வாரிவிட்டது.
விழாமலிருக்கக் கைநீட்டினேன்,
கையில் பந்து இருந்தது."

அவன் என் காலணியைப் பார்த்தான்.
பிறகு ஏழாவது யார்டை.
அப்படியானால் அவன் திரும்பியது சரி.
உலகம் பார்க்க விழுந்தபோதும் சரி.
அவன் முகத்தில் நான் தேடியது கோபமா நிம்மதியா,
இரண்டும் வரவில்லை.

"சரி," என்றான். "வழுக்கிக் காட்டு."

முயன்றேன்.
முதல் தடவை நடனம்போல் இருந்தது.
இரண்டாம் தடவை பையன்கள் சிரித்தார்கள்.
மூன்றாம் தடவை உண்மையிலேயே விழுந்து
இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.
"தொப்புள் முன்னாடியே சொல்லிவிடுகிறது," என்று
தலையாட்டினான்.

கைகொடுத்துத் தூக்கிவிட்டான்,
விசிலை ஊதினான்.
மைதானக்காரர் க்விக்லியைக் கூப்பிட்டு
நாளைக் காலை ஆறு மணிக்கு
இந்த மூலைக்கு மட்டும் தண்ணீர் விடச் சொன்னான்.

"உறைந்துவிடுமே," என்றார் க்விக்லி.

"ஆமாம்," என்றான் லவெல்.