கழலாத பெட்டிகள்

மைனஸ் எண்பதைத் திறந்தால்
முதலில் புகை, அப்புறம்தான் குளிர்.
வெளியே கூப்பியோவில் இன்று மைனஸ் இருபத்திரண்டு;
உறைந்த ஏரியின் மேல் யாரோ கார் ஓட்டிப் போகிறார்கள்.

மாதிரி 417. இடது நெற்றிமடல்.
சர்க்கரைக் கட்டி அளவு.
இது யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது.
நவம்பரில் ஒரு பெண்
மூளை வங்கி அலுவலகம் என்று நினைத்து
ஆய்வகத்துக்கு அழைத்தார்.
தவறான எண் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவே நாற்பது நிமிடம் ஆயிற்று.
இறந்த தேதியும் நேரமும் அதற்குள் வந்துவிட்டன;
பட்டியலில் அந்த விடியற்காலை ஒருவர்தான்.

ஆர்வி. கொவ்வொலா சரக்கு நிலையத்தில்
முப்பத்தொரு வருடம் ஷண்டிங்.
வரும் வண்டியிலிருந்து காலிகளைக் கழற்றிவிட்டு
பொருள் உள்ள பெட்டிகளை மட்டும்
அடுத்தடுத்துக் கோத்து அனுப்பும் வேலை.
சுண்டுவிரல் ஒன்று ஒரு கொக்கியோடு போயிற்றாம்.
அதற்காக வருந்தியதே இல்லை,
கையுறை வாங்கும்போது மட்டும் முணுமுணுப்பாராம்.

ஐலா கேட்டார்: உங்களுக்கும் அதே வேலைதானே?
இல்லை என்றேன். பிறகு யோசித்தேன்.
உட்கருவுக்குள் மரபணு முதலில்
முழு வண்டியாகத்தான் படியெடுக்கப்படுகிறது.
பொருள், நீளநீளமாய்க் காலி, மறுபடி பொருள்.
சின்னஞ்சிறு கத்தரிகள் வந்து காலியைக் கழற்றி
முனையோடு முனை ஒட்டும்.
சொல்லும் சொல்லும் புணரும்போது
நடுவில் ஓர் எழுத்து கெடுமே, அப்படி.
மரம், வேர்: மகரம் கெட்டு மரவேர்.
கெட வேண்டியது கெட்டால்தான் புரதம்.

திரையில் 417-ஐ விரித்துவைத்திருக்கிறேன்.
வெறும் தரையாக இருக்க வேண்டிய இடத்தில்
புல் முளைத்திருக்கிறது.
இன்ட்ரான் முழுசாக உள்ளேயே நிற்கிறது.
கத்தரிகளைத் தேடிச் சாயம் ஏற்றினால்
அவை உட்கருவில் இல்லை;
வெளியே, சிக்குப் பிடித்த நூலுக்குப் பக்கத்தில்
தாங்களும் ஒரு சிக்காகக் கிடக்கின்றன.

"எல்லோரும் மறதி என்றார்கள்.
உப்பு கேட்பார். உப்புக்கும் தா-வுக்கும் நடுவே
தம்பியின் பூட்ஸ் வரும், எழுபத்து நாலின் பனி வரும்,
2716-ஆம் எஞ்சினின் பிரேக் வரும்.
சூப் ஆறிப்போகும்.
மறந்தாரா அவர்?
அவரால் எதையும் கழற்ற முடியவில்லை."

குறிப்பேட்டில் இதை எழுதக் கட்டம் இல்லை.
ஒரு சர்க்கரைக் கட்டி ஒரு மனிதர் ஆகாது.
அடுத்த தட்டில் 388, இந்த நோய் இல்லாமல்
தொண்ணூற்றொன்றில் போனவர்;
அவரிடமும் கொஞ்சம் புல் இருக்கிறது.
எதுவரை கொஞ்சம் என்று
வியாழக்கிழமைக் கூட்டத்தில் சண்டை போடுவோம்.

முடிவுகள் குடும்பத்துக்குச் சொல்லப்படா:
ஒப்புதல் படிவம், ஏழாம் பத்தி.

ஆனாலும் ஐலாவுக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
மூன்று வரி எழுதி இரண்டை எடுத்தேன்.
மிச்சமிருந்தது எதோடும் ஒட்டவில்லை.
எடுத்ததைத் திரும்ப வைத்தேன்,
சூப் ஆறிப்போனதையும்.

இரவு பதினொன்றேகாலுக்கு
மரம் ஏற்றிய வண்டி ஊரைக் கடக்கிறது.
மரம், மரம், காலி, மரம்.
யாரும் நிறுத்தவில்லை.
கதவைச் சாத்துகிறேன்;
மறுபடி எண்பதுக்கு இறங்க
அரை மணி நேரம் பிடிக்கும்.